மாறாத தேவன் எப்படி இன்னும் பெரியவராக முடியும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேவன் மாறாதவர் என்று வேதம் சொல்கிறது. உங்கள் போதகரோ தேவன் நாளுக்கு நாள் பெரியவராகிக்கொண்டே இருக்கிறார் என்று பிரசங்கித்தார். மாறாதவர் எப்படி வளர முடியும் என்பது உங்கள் கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "எனக்கு நடப்பது நேர்மாறு. சிறுவயதில் இருந்த பிரமிப்பு போய்விட்டது. வர வர அவர் சின்னவராகத்தான் தெரிகிறார்." ஆக, கேள்வி ஒன்றல்ல, இரண்டு. முதலாவது தர்க்கம் சம்பந்தப்பட்டது. உங்களை எழுத வைத்தது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். நான் இறையியல் கல்லூரியில் நெடுங்காலம் கோட்பாடும் திருச்சபை வரலாறும் நடத்தியவன். முதல் கேள்விக்கு அந்தப் படிப்பு நன்றாகவே கைகொடுக்கும். இரண்டாவதற்கு ஓரளவுதான். எது உறுதி, எது என் அபிப்பிராயம் என்று போகப் போகச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முதல் கேள்வி மூன்றாம் நூற்றாண்டிலேயே கேட்கப்பட்டுவிட்டது. மரியாள் எலிசபெத்தின் வீட்டில் பாடிய பாட்டு லூக்கா முதல் அதிகாரத்தில் இருக்கிறது. தன் ஆத்துமா ஆண்டவரைப் பெருமைப்படுத்துகிறது என்று அதைத் தொடங்குகிறாள். லூக்கா சுவிசேஷத்தைப் பற்றிப் பிரசங்கித்த ஆதித் திருச்சபை ஆசிரியர் ஓரிகன் இந்த இடத்தில் நின்று, ஆண்டவர் கூடுகிறவரும் அல்ல, குறைகிறவரும் அல்ல, அப்படியிருக்க ஒரு பெண்ணின் ஆத்துமா அவரை எப்படிப் பெரியவராக்கும் என்று கேட்கிறார். அவர் சொன்ன பதில் இது: மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டவன். சிந்தையாலும் சொல்லாலும் செயலாலும் அந்தச் சாயலை அவன் தனக்குள் பெரிதாக்கினால், அவனுக்குள் ஆண்டவர் பெரியவராகிறார். பாவத்தால் அதைச் சுருக்கினால் சிறியவராகிறார். கூடுவதும் குறைவதும் ஆத்துமாவில் நடக்கிறது, ஆண்டவரில் அல்ல.

பிறகு வந்தவர்கள், தங்களுக்குள் எத்தனை சண்டை போட்டிருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் நின்றார்கள். லூத்தர் 1521-இல் மரியாளின் பாட்டுக்கு எழுதிய விளக்கத்தில் ஏறக்குறைய ஓரிகன் சொன்னதையே வேறு விதமாகச் சொல்கிறார்: தேவனுடைய இயல்பை நாம் பெரிதாக்க முடியாது, அது மாறாதது, நம் அறிவிலும் உணர்விலும்தான் அவர் பெரியவராகிறார். 1529-இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசமும், தேவனுடைய நாமம் தன்னிலேயே பரிசுத்தமானது, அது நம்மிடத்திலும் பரிசுத்தமாக வேண்டும் என்றுதான் ஜெபிக்கிறோம் என்கிறது. கத்தோலிக்கத் தரப்பில் 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் (சங்கம் என்றால் ஆயர்கள் கூடிய திருச்சபைப் பேரவை), தேவன் உலகத்தைப் படைத்தது தம் நிறைவைக் கூட்டிக்கொள்ள அல்ல, அதை வெளிப்படுத்தவே என்று அறிவித்தது. "நான் கர்த்தர், நான் மாறாதவர்" என்ற மல்கியா 3:6 இவர்கள் எல்லாருக்கும் பொது. எனவே, தேவன் நேற்றைவிட இன்று அதிக ஞானமோ வல்லமையோ அன்போ உள்ளவராகிறார் என்ற பொருளில் உங்கள் போதகர் பேசியிருந்தால், அது திருச்சபையின் பொதுவான போதனைக்கு வெளியே போகிறது. அவர் அந்தப் பொருளில் பேசியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் "நாளுக்கு நாள் பெரியவர்" என்பது வெறும் பேச்சு அலங்காரமா? இல்லை. நம் அறிவு வளர்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போவதும் அரைகுறைப் பதில்தான். வேறு எதைப் பற்றி நம் அறிவு வளர்ந்தாலும் அந்தப் பொருள் மெல்ல மெல்ல நம் கைக்குள் வந்துவிடும். ஒரு பாடத்தை முழுதாகக் கற்றவனுக்கு அதில் பிரமிக்க அதிகம் மிஞ்சாது. தேவனைப் பற்றிய அறிவு அப்படியல்ல என்பதுதான் கிறிஸ்தவம் சொல்லும் விசேஷம். நாம் எவ்வளவு வளர்ந்தாலும் அவர் எப்போதும் அதைவிடப் பெரியவர் என்று ஆதித் திருச்சபை ஆயர் அகுஸ்தீன் தம் சங்கீத விளக்கத்தில் எழுதுகிறார். உனக்கு முழுதாகப் பிடிபட்டது என்றால் அது தேவன் அல்ல என்றும் ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். பதினோராம் நூற்றாண்டில் அன்செல்ம், தேவனைவிடப் பெரிய ஒன்றை நினைத்துப் பார்க்கவே முடியாது என்ற புகழ்பெற்ற வரையறையைத் தந்தார். தேவன் இருக்கிறார் என்பதற்கான அவருடைய வாதம் அதன்மேல்தான் நிற்கிறது என்பதால் எல்லாரும் அதையே மேற்கோள் காட்டுவார்கள். அந்த வரையறை வரும் அதே நூலின் பதினைந்தாம் அதிகாரத்தில் அவர் ஒரு படி மேலே போவதைப் பலர் கவனிப்பதில்லை: ஆண்டவரே, நினைக்கக்கூடியவற்றில் எல்லாம் நீர் பெரியவர் என்பது மட்டுமல்ல, நினைக்கக்கூடியதைவிடவே நீர் பெரியவர் என்கிறார். வாதமாகத் தொடங்கியது அங்கே ஜெபமாக முடிகிறது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் இதைச் சட்டம் போல வகுத்தது: படைத்தவருக்கும் படைப்புக்கும் நடுவே எவ்வளவு ஒற்றுமையைக் கண்டு சொன்னாலும், அவர்களுக்குள் உள்ள வேற்றுமை அதைவிடப் பெரிது.

கணக்குப் படித்தவர்கள் இந்த இடத்தில் எப்போதும் ஒரு சந்தேகம் கேட்பார்கள். அளவில்லாததோடு ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும், ஒரு முடிவிலியைவிடப் பெரிய முடிவிலி உண்டா என்று. உண்டு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிரூபித்தவர் கியோர்க் காண்டோர். அவருக்கே இந்த இறையியல் கவலை இருந்தது. தாம் கண்ட முடிவிலிகள் இன்னும் கூடக்கூடியவை, தேவனுக்கு உரிய முழுமையான முடிவின்மை வேறு என்று பிரித்துக் காட்டி, கத்தோலிக்க இறையியலாளர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். அந்தப் பிரிவினை சரி என்றே நினைக்கிறேன். தேவன் அளவற்றவர் என்பதற்கு அவர் மிகப்பெரிய அளவு உடையவர் என்று பொருள் இல்லை. அளவு என்ற சங்கதியே அவருக்குப் பொருந்தாது என்று பொருள். இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் முதல் கேள்வியில் பாதிச் சிக்கல் தானாகவே அவிழும்.

மீதிப் பாதியை அவிழ்த்தவர் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நிசா நகரத்து ஆயர் கிரெகோரி. அவர் காலத்தில் யூனோமியஸ் என்பவர், தேவனுடைய சாரத்தையே மனித அறிவு சரியாகச் சொல்லிவிட முடியும் என்று வாதிட்டார். அதை எதிர்த்து எழுதும்போதுதான் தேவனுடைய எல்லையின்மை என்ற கருத்தை கிரெகோரி இவ்வளவு கூர்மையாக்கினார். முதுமையில் அவர் மோசேயின் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் அவர் வந்து நிற்கும் இடம் யாத்திராகமம் 33. நீங்களும் அந்த அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பதினோராம் வசனத்தில், ஒருவன் தன் சிநேகிதனோடே பேசுவதுபோல கர்த்தர் மோசேயோடே முகமுகமாய்ப் பேசினார் என்று இருக்கிறது. அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? ஆனால் ஏழே வசனம் தள்ளி அதே மோசே, "உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று கெஞ்சுகிறான். இதுவரை எதையுமே பார்க்காதவனைப் போல! மூன்றாம் அதிகாரத்தில் முட்செடிக்கு முன் பயந்து முகத்தை மூடிக்கொண்டவன்தான் இவன். எரியும் செடியையும், பிளந்த கடலையும், மலைமேல் இருந்த மேகத்தையும் பார்த்த பிறகு அவன் தாகம் தணியவில்லை, கூடியிருக்கிறது.

கர்த்தர் தரும் பதிலும் விசித்திரமானது. முகத்தைக் காண முடியாது என்கிறார். கன்மலையின் வெடிப்பில் அவனை நிறுத்தி, கையால் மூடி, கடந்துபோன பிறகு பின்பக்கத்தை மட்டும் பார்க்க விடுகிறார். இதை ஏமாற்றமாகத்தான் பலர் வாசிக்கிறோம். கிரெகோரி அப்படி வாசிக்கவில்லை. ஒருவருடைய பின்பக்கம் யாருக்குத் தெரியும்? அவருக்குப் பின்னால் நடக்கிறவனுக்கு. ஆகவே தேவனைப் பின்தொடர்வதுதான் தேவனைக் காண்பது. அவரைக் காணவேண்டும் என்ற ஆசை ஒருபோதும் தீர்ந்துபோகாமல் இருப்பதே அவரை உண்மையாகக் காண்பது என்கிறார். கேட்டது கிடைத்தது, ஆனால் ஆசை அடங்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

உன்னதப்பாட்டைப் பற்றிய பிரசங்கம் ஒன்றில் கிரெகோரி இதற்கு ஓர் ஊற்றைக் காட்டுகிறார். பூமியிலிருந்து பொங்கும் ஊற்றின் ஓரத்தில் நிற்கிறவன் தண்ணீரைப் பார்த்து வியக்கிறான். ஆனால் தண்ணீர் முழுவதையும் பார்த்துவிட்டேன் என்று அவன் சொல்லவே முடியாது, பூமிக்குள் இன்னும் இருப்பதை எப்படிப் பார்ப்பான்? எவ்வளவு நேரம் நின்றாலும் அவன் பார்க்கத் தொடங்கியவனாகவே இருப்பான். உங்கள் போதகர் சொல்ல வந்தது இதுவாக இருந்தால் அவர் நல்ல துணையோடுதான் பேசியிருக்கிறார்.

இதற்கு ஓரிகனின் பதில் வேறாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆதியில் இருந்த ஆத்துமாக்கள் தேவனைத் தியானித்துத் தியானித்துத் தெவிட்டிப்போய்த்தான் விழுந்தன என்ற ஒரு எண்ணம் அவருடைய சிந்தனையில் உண்டு. கிரெகோரி ஓரிகனிடமிருந்து நிறையவே எடுத்துக்கொண்டவர், ஆனால் இந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை. எல்லை உள்ளதுதான் தெவிட்டும், எல்லையில்லாத நன்மை எப்படித் தெவிட்டும் என்பது அவர் வாதம். உங்கள் இரண்டாவது கேள்வி இங்கே வந்து முட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி, உறுதியில்லாத பகுதி. இந்த வளர்ச்சி பரலோகத்திலும் தொடருமா? தொடரும் என்பது கிரெகோரியின் கட்சி. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸும், பரிசுத்தவான்களின் அறிவும் சந்தோஷமும் நித்தியமாகக் கூடிக்கொண்டே போகும் என்று எழுதினார். மேற்கத்தியக் கத்தோலிக்க மரபின் அழுத்தம் வேறு. 1336-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பெனெடிக்ட், பரிசுத்தமடைந்த ஆத்துமாக்கள் தேவ சாரத்தை நேருக்கு நேராக, நடுவில் எதுவும் இல்லாமல் காண்கின்றன என்று அறிவித்தார். அங்கே இளைப்பாறுதல் என்பதுதான் முன்னால் நிற்கிறது, ஓட்டம் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் அக்குவினாஸ் இதைக் கொஞ்சம் நுணுக்கமாகச் சொல்வார்: காண்பார்கள், ஆனால் கண்டு முடிக்க மாட்டார்கள். இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம் என்கிற 1 கொரிந்தியர் 13:12 இரண்டு பக்கத்துக்கும் இடம் கொடுக்கிறது. ஒருமுறை இந்தப் பாடத்தின் முடிவில் ஒரு மாணவர், "அப்படியானால் நித்தியத்திலும் வகுப்பு முடியாதா சார்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்கு மனம் கிரெகோரியின் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் வேத ஆதாரம் காட்டி அடித்துச் சொல்லும் அளவுக்கு எதுவும் கையில் இல்லை.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. தேவன் உண்மையிலேயே வளர்கிறார் என்று சொல்கிறவர்கள் அவர்கள். ஆல்ஃப்ரெட் நார்த் வைட்ஹெட் 1929-இல் வெளியிட்ட தத்துவ நூலிலிருந்து கிளைத்த பிராசஸ் இறையியல் இது. அந்த வழியில் வந்த சார்ல்ஸ் ஹார்ட்ஷோர்ன், தேவனை வேறு யாரும் மிஞ்ச முடியாது, ஆனால் தேவன் தம்மைத்தாமே மிஞ்சிக்கொண்டே போகிறார் என்றார். இவர்களை நான் ஏற்கவில்லை, ஆனால் இவர்கள் கவலையை அற்பமாக நினைக்கவும் இல்லை. நம் கண்ணீர் எதுவும் தொடாத ஒரு தேவனை எப்படி நேசிப்பது என்பதுதான் அந்தக் கவலை. வேதத்திலும் அதற்குப் பிடிமானம் உண்டு. 1 சாமுவேல் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சவுலை ராஜாவாக்கியது எனக்கு மனஸ்தாபம் என்று பதினோராம் வசனத்தில் கர்த்தர் சொல்கிறார். அவர் மனஸ்தாபப்படுகிறவர் அல்ல, மனம் மாற அவர் மனுஷன் அல்ல என்று இருபத்தொன்பதாம் வசனத்தில் சாமுவேல் சொல்கிறான். கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று அதிகாரத்தின் கடைசி வசனம் மறுபடியும் சொல்கிறது. இதை எழுதியவருக்கு இந்த முரண் தெரியாமல் இருந்திருக்காது. மனிதருக்குப் புரியும்படி தேவனைப் பற்றிச் சொன்ன பேச்சு என்று பழைய விளக்கக்காரர்கள் இதைத் தீர்த்துவைத்தார்கள். நானும் அப்படித்தான் கற்பித்தேன். ஆனால் அந்த விளக்கம் அதிகாரத்தின் வலியை முழுதாக ஆற்றுவதில்லை என்பதையும் கூடவே சொல்லிவந்தேன்.

இதுவரை வந்தது எல்லாம் எவ்வளவு பெரியவர் என்பது பற்றி. எந்தத் திசையில் பெரியவர் என்பதுதான் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பெரிய தேவன் என்றதும் பிரசங்கத்தில் உடனே விண்வெளி வந்துவிடும். 1920-களில் எட்வின் ஹப்பிள், ஆந்திரமேடா நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி விண்மீன் மண்டலம் என்று காட்டினார். மனிதன் அறிந்த பிரபஞ்சம் அதற்கப்புறம் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. எட்டாம் சங்கீதத்தை எழுதியவனுக்கு இது தெரிந்திருந்தால் அவன் இன்னும் உரக்கப் பாடியிருப்பான், சந்தேகமில்லை. ஆனால் அவனை ஆச்சரியப்படுத்தியது வானத்தின் பரப்பு மட்டும் அல்ல. அந்த வானத்தைப் படைத்தவர் மனுஷனை நினைக்கிறாரே, அவன் எம்மாத்திரம் என்பதுதான் அவன் கேட்டது. 113-ஆம் சங்கீதம் இன்னும் துணிந்து பேசுகிறது: கர்த்தர் உன்னதங்களில் வாசம்பண்ணுகிறவர், வானத்திலும் பூமியிலும் உள்ளவைகளைப் பார்க்கும்படி தம்மைத் தாழ்த்துகிறவர். வானத்தைப் பார்க்கவே அவர் குனிய வேண்டியிருக்கிறது. அடுத்த வசனத்தில் அதே குனிதல் குப்பையில் கிடக்கும் எளியவன் வரைக்கும் வந்துவிடுகிறது.

மோசேக்கும் இதுவே நடந்தது. அவன் மகிமையைக் கேட்டான். 34-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அவனுக்கு முன்பாகக் கடந்துபோகும்போது வல்லமையின் பட்டியல் எதையும் வாசிக்கவில்லை. "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்" என்று தம்மைக் கூறுகிறார். புதிய ஏற்பாடு இதைக் கடைசி வரை கொண்டுபோகிறது. பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்து அடிமையின் ரூபமெடுத்து, சிலுவையின் மரணபரியந்தம் தம்மைத் தாழ்த்துகிறார், அதனாலேயே உயர்த்தப்படுகிறார். இயேசு ஞானத்திலும் வளர்த்தியிலும் விருத்தியடைந்தார் என்று லூக்கா 2:52-இல் வாசிக்கிறோம். இதோ தேவன் வளர்ந்தாரே என்று கேட்கலாம். வளர்ந்தது அவர் ஏற்றுக்கொண்ட மனித இயல்பு, தேவத்துவம் அல்ல என்பது பழைய பதில். 451-இல் கல்கெதோன் சங்கம் இரண்டு இயல்புகளும் கலப்பில்லாமல், மாற்றமில்லாமல் ஒருவரில் இருக்கின்றன என்று சொன்னதோடு அது பொருந்தும். அந்தப் பதில் சரிதான். ஆனால் அதைச் சொல்லி முடிக்கும் வேகத்தில், தேவன் ஒரு தச்சன் வீட்டில் நடக்கப் பழகினார் என்பதைத் தாண்டிப் போய்விடக்கூடாது. அவ்வளவு சிறியவராக முடிந்ததும் அவருடைய பெருமையின் ஒரு பகுதி என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசம்.

தேவன் பெரியவர் என்று சரியாகச் சொல்லியே தவறிப்போன ஆட்களும் வேதத்தில் உண்டு. யோபின் நண்பர்களைத்தான் சொல்கிறேன். சோப்பார் பதினோராம் அதிகாரத்தில் பேசுவதைத் தனியாக எடுத்து வாசித்தால் அருமையான துதி. சர்வவல்லவருடைய பூரணத்தை நீ அறியக்கூடுமோ, அது வானத்தைவிட உயரம், பாதாளத்தைவிட ஆழம் என்கிறார். கோட்பாட்டுத் தேர்வில் முழு மதிப்பெண் போடலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் கிடப்பவன். தேவனுடைய பெருமையைச் சோப்பார் அவன் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறார். யோபும் 26-ஆம் அதிகாரத்தில் அதே பெருமையைப் பேசுகிறான். வானங்களையும் கடலையும் வர்ணித்துவிட்டு, இவையெல்லாம் அவருடைய கிரியையில் கடைக்கோடி, அவரைக்குறித்து நாங்கள் கேட்டது எவ்வளவு கொஞ்சம் என்கிறான். கருத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முடிவில் கர்த்தருடைய கோபம் மூண்டது எலிப்பாஸ் மேலும் அவனுடைய இரண்டு சிநேகிதர்கள் மேலும்தான். யோபைப் போல் அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். சண்டை போட்ட யோபுக்குத்தான், காதால் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது என்று சொல்லக் கிடைத்தது. கேள்வி கேட்டதால் தேவன் சின்னவராகிவிட்டாரோ என்ற பயம் உங்களுக்கு இருந்தால், இந்தப் புத்தகத்தைக் கடைசி வரை வாசியுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. உங்களை எனக்குத் தெரியாது, ஆகவே இங்கே நான் சொல்வது எல்லாம் "இப்படி இருக்கலாம்" என்ற அளவில்தான். மாணவர்களிடமும், ஆலோசனைக்கு வந்தவர்களிடமும் நான் அதிகம் பார்த்தது இது: சின்னவராகிப் போனது பெரும்பாலும் தேவன் அல்ல, தேவனைப் பற்றிய ஒரு படம். சிறுவயதில் நமக்குக் கிடைக்கும் தேவன் பரீட்சையில் தேறவைப்பார், காய்ச்சலைக் குணமாக்குவார், தப்பு செய்தால் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வயதுக்கு அது போதும். நாற்பது வயதில் அந்தப் படம் சின்னதாகத் தெரியாவிட்டால்தான் ஆச்சரியம். கிரெகோரியும் அகுஸ்தீனும் சொல்வதை ஒத்துக்கொண்டால், பிடிபட்டுவிட்ட எந்தப் படமும் ஒருநாள் போதாமல் போகவேண்டும். வேறு சிலருக்குக் காரணம் இவ்வளவு ஆழமானது கூட இல்லை. மகத்துவம், மகிமை, வல்லமை என்ற சொற்களை வாரந்தோறும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கும். இன்னும் சிலருக்கு ஒரு மரணம், ஒரு துரோகம், பதில் வராத ஒரு ஜெபம். சிலர் உண்மையாகவே விசுவாசத்தை விட்டு விலகிக்கொண்டிருப்பார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஜெபத்தில் மட்டுமல்லாமல் எதிலுமே ருசி இல்லை, தூக்கமும் சரியில்லை என்றால் அதை ஆவிக்குரிய பிரச்சினை என்று முடிவு கட்டாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இதில் உங்களுடையது எது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது.

அக்குவினாஸின் கதையை இந்த இடத்தில் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். 1273 டிசம்பரில், பலிபூசை நிறைவேற்றியபோது ஏதோ நடந்தது. அதற்குப் பிறகு அவர் தம் பெரிய நூலைத் தொடரவில்லை. தாம் கண்டதோடு ஒப்பிட்டால் தாம் எழுதியதெல்லாம் வைக்கோல் போலத் தோன்றுகிறது என்று உதவியாளரிடம் சொன்னதாக அவரைப் பற்றிய பழைய குறிப்புகள் கூறுகின்றன. அடுத்த மார்ச்சில் இறந்துவிட்டார். எழுதுவதை நிறுத்தினார் என்பது உறுதி, அந்த நூல் இன்றும் பாதியில்தான் நிற்கிறது. காரணம் தரிசனமா, உடல் சோர்வா, பக்கவாதம் போன்ற நோயா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமனப்படவில்லை. தரிசனம் என்றே வைத்துக்கொண்டாலும், இதைப் படிப்புக்கு எதிரான கதையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அது வைக்கோல் என்று தெரிந்துகொள்ளவே அவர் அவ்வளவையும் எழுத வேண்டியிருந்தது.

நடைமுறையில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். எபேசியர் 3:18-19-இல் பவுல் கிறிஸ்துவின் அன்பின் அகலம், நீளம், ஆழம், உயரம் என்று அடுக்குகிறார். அறிவுக்கெட்டாத அந்த அன்பை அறிந்துகொள்ளும்படி என்று வேண்டுகிறார். அறிவுக்கு எட்டாது, ஆனாலும் அறியலாம். முதல் கேள்விக்கான என் பதில் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதற்கு முன்னால் வரும் "சகல பரிசுத்தவான்களோடுங்கூட" என்பதைத்தான் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அந்த அளவுகள் தனி ஆளாக உட்கார்ந்து எடுக்கும் அளவுகள் அல்ல. "என்னோடே கூடக் கர்த்தரை மகிமைப்படுத்துங்கள்" என்று 34-ஆம் சங்கீதமும் துணைக்கு ஆள் கூப்பிடுகிறது. உங்கள் சபையில் உங்களுக்கு எந்த விதத்திலும் ஒத்துவராத ஒருவர் எப்படி ஜெபிக்கிறார் என்று கவனியுங்கள். முடிந்தால் வேறு மரபைச் சேர்ந்த ஆராதனை ஒன்றில் போய் உட்காருங்கள். வறண்டுபோயிருந்தவர்களில் சிலருக்கு இது உதவியதைப் பார்த்திருக்கிறேன். எதுவும் மாறாமல் திரும்பியவர்களும் உண்டு. பிரமிப்பை வரவழைக்க ஒரு வழிமுறை இருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

இதோடு சேர்ந்து வரும் ஒரு தவறான அறிவுரையைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். தேவன் பெரியவராகத் தெரியவேண்டுமா, உன்னை நீ அற்பமாக்கிக்கொள் என்பார்கள். ஆதாரமாக யோவான் 3:30-ஐக் காட்டுவார்கள்: "அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்." யோவான்ஸ்நானன் அதைச் சொன்ன சூழ்நிலையைப் பாருங்கள். எல்லாரும் இயேசுவிடம் போகிறார்களே என்று அவனுடைய சீஷர்கள் பொருமுகிறார்கள். மணவாளனுடைய சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்படும் தோழன் நான் என்று அவன் பதில் சொல்கிறான். தன் வேலை முடிந்ததில் மகிழ்கிற மனிதன் அவன், தன்னை வெறுக்கிறவன் அல்ல. நாம் சுருங்கினால்தான் தேவனுக்கு இடம் கிடைக்கும் என்பது அவரையும் நம்மைப் போல இடத்தை அடைக்கும் ஒரு ஆளாக நினைப்பது. ஓரிகன் சொன்னது இதற்கு நேர் எதிர்: ஆத்துமா விரியும்போதுதான் அதில் அவர் பெரியவராகிறார்.

உங்கள் போதகர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பேசியதில் ஒரு வாக்கியம்தான் என் கையில் இருக்கிறது, அதை வைத்து அவரை எடைபோட மாட்டேன். பிரசங்கத்தின் சூட்டில் "நமக்கு" என்ற ஒரு சொல் விடுபட்டிருக்கலாம். நமக்கு அவர் நாளுக்கு நாள் பெரியவராகிறார் என்றால் மேலே சொன்ன யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாமல், இங்கே கடைசியில் எழுதிய அந்த வரியையும் சொல்லுங்கள். மாறாமை பற்றிய கோட்பாட்டை யார் வேண்டுமானாலும் புத்தகத்தைப் பார்த்து விளக்கிவிடலாம். அந்த வரிக்கு, உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்பது நல்லது.